நடக்கச் சொன்னவர்களும் கூட நடந்தவரும்

கூடையில் ஈரத்துணிக்கு அடியில் பிச்சிப்பூ பழுப்பேறிக் கிடந்தது. எங்கள் மதினி தோவாளைச் சந்தைப் பூவை உதிரியாக வாங்கி, கையைப் பார்க்காமல் பேசிக்கொண்டே முழம் முழமாகக் கட்டி முடிப்பவர். அன்று மாலை வரை அந்தத் துணியை விலக்கவே இல்லை. கேட்டதற்கு, "கட்டணும்னு தோணல" என்றார். மறுநாளும் அதே பதில். பத்து நாளில் பூ வாங்குவதே நின்றது. பிறகு தலைவாருவது நின்றது. விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். உடம்பெல்லாம் வலி என்பார். "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்று ஒரு நாள் அண்ணனிடம் சொன்னார். அந்த வார்த்தைதான் எங்களை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஓட வைத்தது.

மருத்துவர் சொன்ன பெயர் மனச்சோர்வு. மன அழுத்தம் என்ற சொல்லை இப்போது எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். வேலைச்சுமையும் மன அழுத்தம், கடன் தொல்லையும் மன அழுத்தம், இந்த நோயும் மன அழுத்தம். அதனாலேயே இது ஒரு நோய் என்பது பலருக்கு எட்டுவதில்லை. குறைந்தது 2 வாரம், பெரும்பாலான நேரம், மனம் தாழ்ந்தே கிடப்பது. முன்பு பிடித்தது எதிலும் பிடிப்பில்லாமல் போவது. தூக்கம், பசி, கவனம், தெம்பு எல்லாம் குலைவது. எல்லாம் என் தப்பு என்ற எண்ணம் பிடித்தாட்டுவது. இதெல்லாம் சேர்ந்து வருவதுதான் மனச்சோர்வு. 2015-16இல் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இதை அனுபவித்திருக்கிறார். மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவே இல்லை என்பதும் அதே கணக்கெடுப்பில் தெரியவந்தது.

மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் பாசத்தோடுதான் வந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு வைத்தியத்தோடு. ஒருவர் வல்லாரைப் பொடி கொண்டுவந்தார். ஒருவர் யோகா வகுப்பின் விலாசம் தந்தார். கொழும்பில் இருக்கும் உறவினர் மீனெண்ணெய் மாத்திரை கொடுத்தனுப்பினார். கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்கினால் சரியாகும் என்றார் ஒரு பெரியவர். வந்தவர் அத்தனை பேரும் வாசற்படியில் செருப்பு மாட்டும்போது தவறாமல் சொன்னது ஒன்றுதான்: "காலைல எந்திரிச்சு கொஞ்சம் நட, எல்லாம் சரியாயிரும்."

இவற்றில் எது உண்மையிலேயே உதவும்? அறிவியல் எழுதுவதே வேலை என்பதால், அந்த மாதங்களில் இரவெல்லாம் உட்கார்ந்து இதைத்தான் படித்தேன். முதலில் சொல்ல வேண்டியது, மாத்திரையைக் குறைத்துப் பேச எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. சோதித்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாகவே வேலை செய்தன. ஆனால் அந்த வித்தியாசம் மலைபோல் பெரியது அல்ல. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், கொடுத்த முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மீதிப் பேர் வேறு வழி தேடுவதில் தப்பே இல்லை. தேடும்போது இரண்டு சொற்களை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பது மாற்று. இருப்பதோடு சேர்த்து வைப்பது துணை. ஒரே மூச்சுப்பயிற்சி ஒரு வீட்டில் துணையாக இருக்கும், இன்னொரு வீட்டில் மாற்றாக நுழைந்து ஆளைப் படுக்கவைத்துவிடும்.

இன்னொரு கேள்வியையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்: எதோடு ஒப்பிட்டு நன்றாக இருக்கிறது? மூன்றாம் நாள் தானாக இறங்கும் காய்ச்சலுக்கு இரண்டாம் நாள் கொடுத்த கஷாயம் எப்போதும் பலிக்கும். மனச்சோர்வும் அலை அலையாக வந்து இறங்கும் இயல்புள்ளது. பெரும்பாலும் அலை உச்சத்தில் நிற்கும்போதுதான் வைத்தியரைத் தேடிப் போகிறோம். அதற்குப் பிறகு எதைச் செய்திருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். போதாக்குறைக்கு, ஒருவர் அக்கறையோடு கவனிக்கிறார் என்பதே இந்த நோயில் ஒரு மருந்து. மருந்துச் சோதனைகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் நல்ல முன்னேற்றம் தெரிவது இவற்றாலெல்லாம்தான். ஆகவே ஒப்பிட ஒரு குழு இல்லாமல் "ஆயிரம் பேரைக் குணப்படுத்தினோம்" என்று எவர் சொன்னாலும், அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கையில் வந்த பொடிகளிலிருந்து தொடங்குகிறேன், ஆபத்து அதில்தான் அதிகம்.

மூலிகை என்றால் இயற்கை, இயற்கை என்றால் பக்கவிளைவு கிடையாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மனச்சோர்வைப் பற்றிய நவீன அறிவியலின் ஒரு வேரே நம் நாட்டு மூலிகை ஒன்றில் இருக்கிறது, அது சொல்லும் கதை வேறு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைச் சித்தப் பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் இந்தியாவில் நெடுங்காலம் கொடுத்துவந்தார்கள். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், அது பித்தை மட்டுமல்ல, இரத்தக் கொதிப்பையும் அடக்குகிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாயின் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ஒரு பிரிட்டிஷ் இதழில் எழுதியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தினர் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இரத்தக் கொதிப்புக்காக அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் கடும் மனச்சோர்வில் விழுவதாக மருத்துவர்கள் கவனித்தார்கள். ரிசர்பின் மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற பொருள்களின் கையிருப்பை வற்றச் செய்கிறது என்பதும் தெரியவந்தது. இவை குறைவதுதான் மனச்சோர்வுக்குக் காரணமோ என்ற கருதுகோள் அங்கிருந்து வலுப்பெற்றது. ரிசர்பினுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவ்வளவு உறுதியாக ஏற்கவில்லை; செரட்டோனின் கதையும் அன்று நினைத்த அளவு எளிமையாக இல்லை. ஆனாலும் ஒரு வேர் உடம்புக்குள் எவ்வளவு தூரம் போய் வேலை செய்யும் என்பதை அது காட்டிவிட்டது.

ஐரோப்பாவின் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் இதற்கு இன்னும் நேரடியான உதாரணம். ஜூன் கடைசியில் வரும் புனித யோவான் திருநாளை ஒட்டிப் பூக்கும் மஞ்சள் பூச்செடி. மனச்சோர்வுக்கான மூலிகைகளில் இதைப் போல ஆராயப்பட்டது வேறில்லை. 2008இல் காக்ரேன் அமைப்பு 29 சோதனைகளையும் 5,489 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்தபோது, இது வெற்று மாத்திரையைவிட மேல், வழக்கமான மருந்துகளுக்கு ஈடு, பக்கவிளைவும் குறைவு என்று வந்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் சோதனைகளில் மட்டும் முடிவுகள் கூடுதல் சாதகமாக இருந்தன. அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்து 2002இல் வெளியான சோதனையில் மூலிகையும் தோற்றது, ஒப்பிட வைத்திருந்த செர்ட்ரலின் மாத்திரையும் தோற்றது.

ஆக, இலேசான, நடுத்தரமான மனச்சோர்வில் அது வேலை செய்யக்கூடும் என்பதை நான் ஏற்கிறேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைக் கல்லீரலில் இது முடுக்கிவிடுகிறது. கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், எச்.ஐ.வி. மருந்துகள் எல்லாம் வேலை முடிக்கும் முன்பே கரைந்துபோகும். சூரிச் நகரில் மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவர் இந்த மூலிகையைச் சாப்பிட்டதால், உடல் அந்த இதயத்தை ஒதுக்காமல் காத்துவந்த சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு சரிந்து, உறுப்பு நிராகரிப்பு தொடங்கியது. 2000ஆம் ஆண்டு லான்செட்டில் இது பதிவானது. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் செரட்டோனின் அளவுக்கு மீறி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்று இது இணையத்தில் வாங்கக் கிடைக்கிறது. மருத்துவரிடம் சொல்லாமல் யாரும் தொடக் கூடாத பொருள் இது.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஒரு வைத்தியர் பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் செந்நிறப் பொடி கொடுத்து, "அந்த இங்கிலீஷ் மாத்திரையை இன்னையோட நிறுத்திரணும், அப்பத்தான் இது பிடிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். மதினி எங்களிடம் சொல்லாமல் நிறுத்திவிட்டார். நான்காம் நாள் தலைசுற்றல், குமட்டல், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் ஷாக் அடிப்பது போல ஒரு வெட்டு. "பேய் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று அழுதார். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வரும் அறிகுறிகள்தான் அவை; மருத்துவர் கேட்டவுடனே சொல்லிவிட்டார். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் அதை நிறுத்த வேண்டும். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்கும் 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தபோது, ஏறக்குறைய 21 விழுக்காட்டில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. முறையாகப் படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. நான் பயப்படுவது பெயரில்லாத டப்பாவுக்கும் "அதை நிறுத்து" என்ற வார்த்தைக்கும்தான். இரண்டிலும் கொடியது அந்த வார்த்தை.

கொழும்பு மீனெண்ணெய் மாத்திரையால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவில் 50 வயது கடந்த 18,353 பேருக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் ஒமேகா-3, வைட்டமின் டி, வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்த வைட்டல் ஆய்வில், இரண்டுமே மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை. மாத்திரையைவிடச் சாப்பாட்டைப் பற்றிய ஆய்வுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் மனச்சோர்வுள்ள 67 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு உணவியல் நிபுணரோடு 12 வாரம் உணவை மாற்றச் செய்தார்கள். மறு பாதியினரோடு யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மட்டும் ஏற்பாடு செய்தார்கள். முடிவில் உணவுக் குழுவில் 32 விழுக்காட்டினரும், பேச்சுக் குழுவில் 8 விழுக்காட்டினரும் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். 2017இல் வந்த சிறிய ஆய்வு இது, தான் எந்தக் குழு என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது. அதற்குமேல் இதில் பாரம் ஏற்றக் கூடாது. அவர்கள் கொடுத்தது பருப்பு வகை, கொட்டை, கீரை, காய், பழம், மீன், ஆலிவ் எண்ணெய். ஆலிவை விட்டால் மற்றதெல்லாம் நம் அடுக்களையில் இருப்பவை. சாளை மீன் குழம்பும் முருங்கைக்கீரைத் துவரனும் அந்தப் பட்டியலில் கூச்சமில்லாமல் உட்காரும்.

யோகாவுக்கு வருகிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். கடுமையான மனச்சோர்வோடு மருத்துவமனையில் சேர்ந்த 45 பேரை 15 பேராக மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மின்னதிர்வு சிகிச்சை, ஒரு குழுவுக்கு இமிப்ரமின் மாத்திரை, மூன்றாவது குழுவுக்குச் சுதர்சன கிரியா என்னும் மூச்சுப்பயிற்சி. 4 வாரத்துக்குப் பின் தேறியவர்கள் முறையே 14, 11, 10 பேர். மூச்சுப்பயிற்சி மாத்திரைக்கு அருகில் வந்து நின்றது வியப்புதான். ஆனால் ஒரு குழுவில் 15 பேர் என்றால், இரண்டு பேர் இப்படியோ அப்படியோ மாறினாலே முடிவு மாறிவிடும். மருத்துவமனையில் தினமும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததன் பங்கு எவ்வளவு, மூச்சின் பங்கு எவ்வளவு என்பதையும் பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரைக்கு வெற்று மாத்திரை உண்டு. வெற்று யோகா என்று ஒன்றைச் செய்வது கடினம்.

தியானத்திலும் ஒரு நுட்பம் கவனிக்க வேண்டியது. மனமுனைப்பு அடிப்படையிலான சிகிச்சையை உருவாக்கிய சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் அதை நோயில் மூழ்கிக் கிடப்பவர்களுக்காகச் செய்யவில்லை, தேறி எழுந்தவர்கள் திரும்ப விழாமல் இருப்பதற்காகச் செய்தார்கள். 2000இல் வந்த அவர்கள் ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் திரும்ப விழுந்தார்கள். தியானம் பயின்றவர்களில் அது 37 ஆகக் குறைந்தது. 2015இல் இங்கிலாந்தில் 424 பேரை 2 ஆண்டு பின்தொடர்ந்தபோது, தியானம் பயின்று மாத்திரையைக் குறைத்தவர்களும் (44 விழுக்காடு) மாத்திரையைத் தொடர்ந்தவர்களும் (47 விழுக்காடு) ஏறத்தாழ ஒரே அளவில்தான் திரும்ப நோயுற்றார்கள். நோயின் நடுவே இருப்பவரைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னால், அவர் அதே கசப்பான எண்ணங்களோடு தனியாக அடைபடக்கூடும். மதினிக்கு அதுதான் நடந்தது. யோகா வகுப்பில் எல்லாரும் கண்மூடியிருந்தபோது அவர் மட்டும் அழுதுகொண்டிருந்தார்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் வரும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் 1984இல் விவரித்தார். காலையில் 10,000 லக்ஸ் வெளிச்சப் பெட்டியின் முன் அரைமணி நேரம் உட்காருவது அதற்கான சிகிச்சை. பருவத்தோடு சம்பந்தமில்லாத மனச்சோர்வுக்கும் அது உதவுகிறது என்று கனடாவில் 122 பேரிடம் நடந்து வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், பகலா இரவா என்று உடலின் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. காலை ஒளி அவற்றின் வழியே வேலை செய்கிறது. நமக்குப் பெட்டி தேவையில்லை. ஜன்னல் சாத்திய அறைக்குள் சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது, வாசலில் வெயில் ஏறியதும் அது பல பத்தாயிரத்தைத் தொடும். ஆனால் மனச்சோர்வு வந்தவர் முதலில் சாத்துவது ஜன்னலைத்தான்.

இனி, எல்லாரும் வாசற்படியில் சொன்ன அந்த நடை.

இதில் சான்று வலுவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புளூமந்தால் 1999இல், மனச்சோர்வுள்ள, 50 வயது கடந்த 156 பேரை மூன்றாகப் பிரித்தார்: சிலருக்குச் செர்ட்ரலின் மாத்திரை, சிலருக்கு வாரம் மூன்று முறை உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும். 16 வாரம் முடிந்தபோது மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை வேகமாகத் தூக்கிவிட்டது, உடற்பயிற்சி மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது. 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் சேர்த்துப் பார்த்ததில், நடை அல்லது மெல்லோட்டம், யோகா, பளு தூக்கும் பயிற்சி ஆகியவை முன்வரிசையில் நின்றன. வேகம் கூடக்கூடப் பலனும் கூடியது.

காலை அசைத்தால் மனம் ஏன் மாறவேண்டும்? பல வழிகள் பேசப்படுகின்றன, என்னை மிகவும் ஈர்த்தது ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனம் 2014இல் எலிகளில் கண்டது. நம் உணவிலிருந்து வரும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டுதான் உடம்பு செரட்டோனினைச் செய்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி வேறு பாதையில் போய்க் கைனுரெனின் என்ற பொருளாகிறது. நெடுநாள் நெருக்கடியிலும் அழற்சியிலும் அந்தப் பாதையில் போக்குவரத்து கூடுகிறது. கைனுரெனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைந்து அங்கே கெடுதல் செய்கிறது. உழைக்கும் தசை என்ன செய்கிறது தெரியுமா? ஒரு நொதியை உண்டாக்கிக் கைனுரெனினைக் கைனுரெனிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்த அமிலத்தால் மூளையின் வாசலைத் தாண்ட முடியாது. கல்லீரல் இரத்தத்தைச் சுத்தம் செய்வதுபோல, கெண்டைக்காலும் தொடையும் சேர்ந்து மூளைக்குப் போகும் இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. மனிதரில் இதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. மூளைச் செல்கள் தழைக்க உதவும் புரதங்கள் உடற்பயிற்சியில் கூடுவது, உறக்கம் சீராவது, வெயில் படுவது எல்லாம் இதோடு சேர்த்தி.

இவ்வளவு நல்ல மருந்தை ஏன் மதினியால் எடுக்க முடியவில்லை? சோம்பலா? வீம்பா? அப்படித்தான் சிலர் நினைத்தார்கள். எழுந்து நடக்கும் மனத்தை அழிப்பதே இந்த நோயின் வேலை. கால் உடைந்தவரிடம் ஓடினால் சரியாகும் என்பது போல, எதையும் செய்யத் தோன்றாதவரிடம் செய்யச் சொல்கிறோம். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறோம். அவர் செய்யவில்லை, செய்ய முடியவில்லையே என்ற குற்றவுணர்வு மேலும் ஒரு கல்லாக நெஞ்சில் ஏறுகிறது. டியூக் ஆய்வில் உடற்பயிற்சி செய்தவர்கள் தனியாகச் செய்யவில்லை. வாரம் மூன்று முறை ஒரு பயிற்சியாளர் காத்திருந்தார், கூடவே நோயாளிகள் குழுவாக இருந்தார்கள். அறிவுரை எழுதும்போது இந்த வரியை எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

இந்த முடிச்சை அவிழ்க்க உளவியலில் ஒரு வழி இருக்கிறது. மனம் சரியானால் செய்வோம் என்று காத்திருக்காமல், மிகச் சிறியதாக ஒன்றைச் செய்துவிட்டு மனம் பின்னால் வரட்டும் என்று விடுவது. செயல் குறைந்தால் மகிழ்ச்சி தரும் சந்தர்ப்பம் குறைகிறது. அது குறைந்தால் மனம் இன்னும் தாழ்கிறது. தாழ்ந்தால் செயல் மேலும் குறைகிறது. இந்தச் சுழலை வெளியிலிருந்து வெட்டுவதே நோக்கம். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் சங்கத் அமைப்பினரும் இதை மருத்துவரல்லாதவர்களிடம் ஒப்படைத்தார்கள். உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் மனச்சோர்வாளர்களை 6 முதல் 8 முறை சந்திக்கச் செய்தார்கள், தேவைப்பட்டால் வீட்டுக்கே போய். இன்றைக்கு எந்த ஒரு வேலை, எத்தனை மணிக்கு, யாரோடு என்று சேர்ந்து உட்கார்ந்து திட்டமிடுவதுதான் சந்திப்பின் சாரம். 495 பேரிடம் நடந்த இந்த ஆய்வு 2017இல் லான்செட்டில் வந்தது. 3 மாதத்தில் இந்தக் குழுவில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா செய்தது இதற்கு மூத்தது. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வர 15 டாலர் பஸ் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவமனையை நோக்கி அவர்கள் வரமுடியாவிட்டால் வேறு யார் அவர்களிடம் போவது என்று தேடியபோது, 2006இல் அவருக்குக் கிடைத்தவர்கள் ம்பாரே பகுதியில் சுகாதாரப் பணி செய்துவந்த 14 பாட்டிமார். சுகாதார நிலையத்தின் வெளியே மரத்தடியில் ஒரு மரப்பெஞ்சு, ஒரு பாட்டி, வந்தவர். அங்கே மனச்சோர்வு என்று யாரும் சொல்வதில்லை. ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா என்கிறார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ஊரில் "ஒரே யோசனையா இருக்கு" என்று சொல்வதும் இதைத்தான். பாட்டி எல்லாப் பிரச்சினையையும் கேட்டு, அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் இதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரையே சொல்லவைக்கிறார். 573 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 6 மாதம் கழித்தும் மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் பெஞ்சுக் குழுவில் 13.7 விழுக்காடு, மற்ற குழுவில் 49.9.

கோயிலில் தங்கச் சொன்ன பெரியவரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவர் சொன்னதும் எனக்கு நெஞ்சில் வந்தது ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். ஆனால் மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை நிம்ஹான்ஸின் ரகுராம் குழுவினர் கவனித்து 2002இல் எழுதினார்கள். பெரும்பாலும் மனச்சிதைவு போன்ற கடும் நோய் உள்ளவர்கள், மனச்சோர்வாளர்கள் அல்லர். அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்கினார். காலையில் சிறிது நேரப் பூசை, பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்ன வேலைகள். சராசரியாக 6 வாரத்தில் நோயின் கடுமை 20 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாததால் இதைச் சிகிச்சை என்று நான் சொல்லமாட்டேன். கூடவே ஒருவர், கையில் ஒரு சிறு வேலை என்ற இரண்டும் அங்கேயும் இருந்தன என்பதைக் குறித்துவைக்கிறேன்.

துணை வழிகள் எதற்கும் காத்திருக்கக் கூடாத நிலைகள் சில இருக்கின்றன. சாக வேண்டும் என்ற எண்ணம், சாப்பாடு தண்ணீர் இறங்காமை, காதில் குரல் கேட்பது, முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாள்களும் வந்திருப்பது. கடைசியாகச் சொன்னது இருதுருவ நோயாக இருக்கலாம். அதில் சாதாரண மனச்சோர்வு மாத்திரையும், வெளிச்சப் பெட்டியும், செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும்கூட ஆளை எதிர்த் திசையில் தள்ளிவிடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்தியாவில் டெலி-மானஸ் எண் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம்.

மதினி திரும்ப மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். எதிர்வீட்டு அக்கா காலை ஆறு மணிக்குக் கையில் தூக்குவாளியோடு வந்து நின்றார். அவர் எதையும் விசாரிக்கவில்லை, நடக்கவும் சொல்லவில்லை. "பால் சொசைட்டிக்குப் போறேன். முட்டு வலிக்கி. இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று வாளியை மதினி கையில் வைத்துவிட்டு முன்னால் நடந்தார். வாளி கையில் இருந்ததால் மதினி பின்னால் போக வேண்டியதாயிற்று. முதல் நாள் தெருமுனை வரை போனதும் மதினிக்கு மூச்சு முட்டியது. அக்கா வாளியை வாங்கிக்கொண்டு, "சரி, நாளைக்கு" என்றார். மறுநாளும் அதே ஆறு மணி. நான்காம் நாள் குளத்தங்கரை. ஒன்பதாம் நாள் சொசைட்டி. போகும்போது அக்காதான் பேசுவார், மருமகள், ரேஷன் அரிசி, கோழிக்கு வந்த நோய். மதினி பதில் சொன்ன முதல் நாளை அண்ணன் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

அக்கா கோவாவைப் பற்றியோ ஹராரேயைப் பற்றியோ கேள்விப்பட்டவர் இல்லை. நான் அந்த ஆய்வுகளை அச்சடித்து எடுத்துப்போய் அவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பாட்டிமாருக்குச் சம்பளம் உண்டா?" என்றார். ஏதோ கொஞ்சம் உண்டு என்றேன். "நல்லதுதான். அதும் ஒரு வேலைல்லா" என்றார்.

இப்போது எட்டாவது மாதம். மாத்திரை தொடர்கிறது, தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும், அப்புறம் மெல்லக் குறைக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மழை நாள்களில் மதினிக்கு மனம் சற்றுக் கீழே இறங்கும், அன்றைக்குப் பூக்கூடை அப்படியே இருக்கும். அக்காவுக்கு முட்டுவலி அதிகமான நாள்களில் மதினி இரண்டு தூக்குவாளியோடு தனியாகவே போய் இரண்டு வீட்டுக்கும் பால் வாங்கி வருகிறார்.